சென்னைக்குக் கொண்டுபோகலாமா, தஞ்சாவூரிலேயே காட்டலாமா?

குடியை நிறுத்த சிகிச்சைக்குப் போகலாம் என்று ஒரு வீட்டில் முடிவானதுமே அடுத்த கேள்வி வந்து நிற்கும்: எங்கே போவது? கும்பகோணம், பாபநாசம், குடவாசல் என்று எங்கள் வட்டாரத்தில் அது பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “சென்னைக்குக் கொண்டுபோயிடலாமா, இல்ல தஞ்சாவூர் மெடிக்கல்லயே காட்டிடலாமா?” கேட்பவர் மனைவியாக இருப்பார், இல்லையென்றால் அக்காவோ தங்கையோ. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் அந்தப் பேச்சில் இருக்க மாட்டார்.

என் அண்ணன் சென்னைக்குப் போய் சிகிச்சை எடுத்தவர். சித்தப்பா மகன் தஞ்சாவூரில் சேர்ந்தவன். இரண்டையும் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் சொந்தபந்தத்தில் யாருக்காவது இந்தக் கேள்வி வந்தால் எனக்குத்தான் போன் வருகிறது. போனில் எப்போதும் பாதிதான் சொல்ல முடிகிறது. எதிர்முனையில் இருப்பவர் அழுதுகொண்டிருப்பார், அல்லது அவர் வந்துவிட்டார் என்று அவசரமாக வைத்துவிடுவார். அதனால் எனக்குத் தெரிந்ததை முழுசாக எழுதிவைக்கிறேன்.

ஊரைப் பற்றிப் பேசும் முன் உடம்பைப் பற்றிப் பேசியாக வேண்டும். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் காபி டம்ளரைப் பிடிக்க முடிகிறது என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு மனம் குழம்பிப்போகும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து ஓடுவார், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் குளோர்டயசெபாக்சைடு, டயசெபம், லோரசெபம் போன்ற மருந்துகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, இந்தக் கட்டத்தைத் தாண்டவைத்துவிடுவார்கள். தாண்டக்கூடியதுதான், ஆனால் டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எனவே, “சென்னைல சேக்கப்போறோம், இன்னையிலேர்ந்து தொடக்கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ராத்திரி ரயிலில் ஏற்றுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மயிலாடுதுறைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் வலிப்பு வந்தால் யார் என்ன செய்ய முடியும்? “போன கார்த்திகையில மாலை போட்டப்ப நிறுத்தினவருதானே, அப்ப ஒண்ணும் ஆகலையே” என்பார்கள். அப்போது ஆகாதது இப்போது ஆகலாம். நிறுத்தி நிறுத்தித் தொடங்குகிறவர்களுக்கு அடுத்தடுத்து நிறுத்தும்போது உடம்பு இன்னும் மோசமாக எதிர்க்கக்கூடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். முன்பே ஒரு தடவை வலிப்பு வந்தவர் என்றால் கேள்வியே வேண்டாம், இருபத்து நாலு மணி நேரமும் டாக்டர் இருக்கும், பக்கத்திலேயே உள்ள ஆஸ்பத்திரிதான் முதல் இடம். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. பல வீடுகளில் குடியை மறைத்து, “சாப்பிடவே மாட்டேங்கறார் டாக்டர், ஒரு குளுக்கோஸ் ஏத்திவிடுங்க” என்று தெருமுனை கிளினிக்கில் போய் நிற்கிறார்கள். வருடக்கணக்கில் குடிப்பவர் உடம்பில் தயமின் என்கிற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் அபாயம் உண்டு. டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்: இவர் தினமும் குடிப்பவர், கடைசியாகக் குடித்தது இத்தனை மணிக்கு. வெட்கப்பட்டு மறைத்தால் டாக்டர் தப்பான வியாதிக்கு வைத்தியம் பார்ப்பார்.

சரி, முதல் சில நாட்கள் தாண்டிவிட்டன. இப்போதுதான் அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே இடம் வருகிறது.

தூரமாகப் போக வேண்டும் என்று அண்ணி சொன்னபோது சொன்ன காரணம் இன்னும் நினைவிருக்கிறது. “இங்க சேத்தா நாளைக்கே கடைத்தெருவுல பேசுவாங்க. பொண்ணு பத்தாவது எழுதப்போறா. அவ காதுல விழணுமா?” அதைச் சின்னக் காரணம் என்று என்னால் ஒருபோதும் தள்ள முடியாது. அண்ணன் குடிப்பது ஊருக்கே தெரியும். மோட்டார் காயில் கட்டும் பட்டறையை மூடிவிட்டு அவர் எந்த நிலையில் வீடு வருகிறார் என்று தெருவே பார்த்திருக்கிறது. இருந்தும், குடிப்பதை ஊர் பார்த்தபோது வராத கூச்சம் சிகிச்சைக்குப் போகும்போது வந்து ஒட்டிக்கொள்கிறது. குடித்துக் கிடப்பவனைப் பார்த்துப் பழகிய ஊர், மனநலப் பிரிவு வாசலில் நிற்பவனைத்தான் விநோதமாகப் பார்க்கிறது. இந்தக் கோணல் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. ஆனால் பெண் பரீட்சை எழுதும் வருடத்தில் ஊரைத் திருத்திவிட்டுத்தான் வைத்தியம் பார்ப்பேன் என்று அண்ணியால் இருக்க முடியாது.

இன்னொரு காரணம், கைக்கெட்டும் தூரம். இந்த மாநிலத்தில் சில்லறை மது விற்பனையை 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பத்து வரை கடை திறந்திருக்கும். கும்பகோணத்தில் சேர்த்தால், மூன்றாம் நாள் மனம் முறுக்கிக்கொள்ளும்போது ஒரு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம், வழியில் கடையும் இருக்கிறது. சென்னையில் இருந்தால், இரவில் எழுந்த கோபத்தோடு ஊர் வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும். அந்த இடைவெளியில் மனம் மாறவும் வாய்ப்புண்டு.

அண்ணனுக்குச் சென்னை கொடுத்தது நிஜமாகவே பெரிய விஷயம். போன் இல்லை, பட்டறை இல்லை, “என்ன மாப்ள, ரெண்டு நாளா காணோம்” என்று வந்து நிற்கும் கூட்டாளிகள் இல்லை. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. நாங்கள் வாழ்நாளில் கேட்காததை அவர் அங்கே குழுவில் பேசினார், எங்கள் அப்பா இறந்த வருடத்தைப் பற்றி. தெரிந்த முகம் ஒன்று அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தால் பேசியிருக்கவே மாட்டார். சிலருக்கு ஊரின் கண் படாத ஓர் இடம் தேவைப்படுகிறது. அதை நான் மனதார ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் திரும்பி வர வேண்டும். தூரத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் இந்த ஒன்றைப் போதுமான அளவு யோசிப்பதில்லை என்பதுதான் என் எண்ணம்.

தூரமாகப் போவதற்குத் துணையாக, வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றிய ஓர் ஆய்வு அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 1971-ல் நாடு திரும்பியவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார். அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்ற போதைக்கு அடிமையாகியிருந்தார். அமெரிக்க அரசு நடுங்கிப்போயிருந்தது. ஆனால் வீடு திரும்பிய பிறகு, அப்படி அடிமையாகியிருந்தவர்களில் மூன்று வருடங்களுக்குள் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்தான். பாருங்கள், இடம் மாறினாலே போதும் என்பார்கள். கூர்ந்து பார்த்தால் இந்தக் கதை நம் நிலைமைக்கு நேர் எதிர். அந்தச் சிப்பாய்கள் போதை பழகிய இடத்தை விட்டு, போதை பழகாத வீட்டுக்குப் போனார்கள். நம் அண்ணன் தம்பிகள் போதை பழகிய இடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே குணமாகி, பழகிய அதே இடத்துக்குத் திரும்புகிறார்கள். அதே பட்டறை, அதே சனிக்கிழமைக் கூலி, அதே முக்கு. சென்னையில் அண்ணனுக்குக் குடிக்க வேண்டும் என்றே தோன்றவில்லையாம். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அந்தப் பழக்கப்பட்ட வாசனையும் சத்தமும் மேலே பட்டவுடன் நாக்கு ஊறியது என்று அவரே சொன்னார். மனம் தளர்ந்ததால் வந்ததில்லை அது. குடியோடு சேர்த்து மூளை மனப்பாடம் செய்துவைத்த இடங்கள் அவை.

இதைத் தெரிந்த ஒரு கவுன்சிலர் அங்கே இருந்தார். டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, வீட்டிலிருந்து பட்டறைக்குப் போகும் வழியை வரையச் சொன்னாராம். அண்ணன் கடையை வரைந்தார், பக்கத்து முட்டைக்கடையை வரைந்தார், கடன் சொல்லி வாங்கும் பெட்டிக்கடையை வரைந்தார். பிறகு இன்னொரு வழி கேட்டார் அவர். அரசலாற்றுக் கரையோரமாக ஒரு சுற்றுவழி இருக்கிறது, கொஞ்சம் தூரம் கூடுதல். அந்த வழியையும் வரைந்து, கூலி வாங்கும் நாள் எது, அன்று பணம் யார் கையில் போக வேண்டும், முதலில் யாரிடம் “குடிக்கிறதில்லை” என்று சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் வீட்டில் காலண்டருக்குப் பின்னால் ரொம்ப நாள் செருகியிருந்தது. கூலி நேரே அண்ணியின் போனுக்கு ஜிபேயில் வரத் தொடங்கியதும் அதில் எழுதியிருந்த ஒன்றுதான்.

அந்தத் தாளில் இல்லாத இடம் சாவு வீடு. எங்கள் பக்கத்தில் துக்க வீடு என்றால் பந்தலுக்குப் பின்னால் ஆண்கள் ஒதுங்குவது வழக்கமாகிவிட்டது. பெரிய மாமா இறந்தபோது அண்ணன் அங்கே விழுந்தார். அதன் பிறகு நடந்ததுதான் முக்கியம். சென்னையில் ரிவ்யூவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். “அவ்வளவு தூரம் போயி, குடிச்சிட்டேன்னு சொல்லிட்டு வரணுமா?” என்று போகவில்லை. தேதி தள்ளிப்போனது. தள்ளத் தள்ளக் குடி கூடியது. ஒரு நாள் கூலி, ரயில் சார்ஜ், கூட ஒரு ஆள் என்று சென்னைக்கு ஒரு தடவை போய்வருவதற்கு ஆகும் செலவே தப்பிக்க ஒரு காரணமாகிவிட்டது. அண்ணி கடைசியில் சென்னை டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போனார். அங்கே அந்தக் கடிதத்தைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் பட்டறைக்கு வந்துவிடலாம். அந்த ரிவ்யூக்களை அவர் தவறவிடவில்லை.

தூரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் காலைப் பிடித்து இழுக்கும். அமெரிக்காவில் வெளிநோயாளியாகப் போதை சிகிச்சைக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. சிகிச்சை இடம் ஒரு மைலுக்குள் இருந்தவர்கள், அதற்கு மேல் போக வேண்டியவர்களைவிட, பாதியில் விடாமல் முடிக்கும் வாய்ப்பு ஐம்பது சதவீதம் அதிகமாக இருந்தது. ஒரு மைல்தான் வித்தியாசம்! நம் ஊரில் இருநூறு, முந்நூறு கிலோமீட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சித்தப்பா மகன் விஷயத்தில் பக்கத்தின் நல்லதும் கெட்டதும் இரண்டுமே தெரிந்தன. மினி வேன் ஓட்டுபவன். ஓபி சீட்டு வாங்கும் வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றது எங்கள் தெருக்காரர். அவன் திரும்பிப் போயிடலாம் என்று மனைவியின் கையை இழுத்திருக்கிறான். தெருக்காரர் திரும்பிப் பார்த்து, “எம் மருமகனுக்காகத்தாம்ப்பா வந்திருக்கேன், நீ நில்லு” என்றாராம். எல்லோருக்கும் அப்படி ஒரு நல்ல மனிதர் அகப்பட மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். வார்டில் சேர்ந்த பிறகு நண்பன் ஒருத்தன் பார்க்க வந்தான், கையில் குளிர்பான பாட்டில். மூடியைத் திறந்ததும் நர்ஸ் அக்காவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. பாட்டில் பேசினில் போனது, நண்பன் வெளியே போனான். பக்கத்தில் சேர்ப்பதென்றால் யார் யார் பார்க்க வரலாம் என்று முதல் நாளே வார்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இது நாங்கள் அங்கே கற்றது.

அதே பக்கம்தான் அவன் மனைவியைத் தினமும் அங்கே வரவைத்தது. குடும்பத்துக்கான கவுன்சிலிங்கில் அவள் ஒன்றுகூடத் தவறவிடவில்லை. அவன் வேன் முதலாளி ஒரு நாள் வந்து டாக்டரைப் பார்த்தார். தூக்கம் வரவைக்கும் மாத்திரை குறையும் வரை ஓட்டக் கூடாது, அதுவரை லோடு கணக்கு பார்க்கட்டும் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ஏஏ கூட்டத்திலிருந்து இரண்டு பேர் வார்டுக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் அவனுக்குத் தெரிந்த லாரி டிரைவர். வீட்டுக்கு வந்த பிறகு சாயங்காலம் ஆறு மணிக்கு மனம் அலைபாய்ந்தால் போன் செய்ய உள்ளூரிலேயே ஒரு ஆள் கிடைத்தார். எந்தச் சென்னை ஆஸ்பத்திரியாலும் இதைக் கொடுத்து அனுப்ப முடியாது.

டாக்டர் அவனுக்கு டைசல்ஃபிரம் எழுதினார். அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அவனுக்கு எல்லாவற்றையும் விளக்கி, சம்மதம் வாங்கித்தான் கொடுத்தார்கள். தினமும் காலையில் அவன் மனைவி மாத்திரையை டம்ளரில் கால்வாசித் தண்ணீரில் போட்டு ஸ்பூனால் கலக்குவாள். அவள் பார்க்க அவன் குடிப்பான், அடியில் தங்கியதையும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் குடிப்பான். இருவரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. இதே மாத்திரையைச் சொல்லாமல் குழம்பில் கலந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். “குடியை மறக்க வைக்கும் பவுடர்” என்று சுவரில் விளம்பரம் பார்த்து, பெயர் தெரியாத எதையோ கலப்பவர்களும் இருக்கிறார்கள். அவர் அன்று வெளியே போய்க் குடித்தால் உயிரே போகலாம். வேண்டாம்.

ஊரோடு சேர்ந்து வைத்தியம் என்றால் எங்கள் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1979-ல் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அடுத்த வருடமே சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குடிகாரர் சென்னைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், அந்த அமைப்பே கிராமங்களுக்கு வந்து முகாம் நடத்தியது. குடவாசலுக்குப் பக்கத்தில் மஞ்சக்குடியில் நடந்த முகாம்கள் நாடு கடந்தும் பேசப்பட்டவை. ஊர்ப் பொது இடத்தில் இரண்டு வாரம் அளவுக்குத் தங்கவைத்துச் சிகிச்சை, குடும்பத்துக்கும் தனியாகப் பேச்சு, ஊர்ப் பெரியவர்களின் துணை, முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்ப்பது என்பதுதான் அதன் முறை. இதில் எனக்குப் பிடித்தது, யார் சிகிச்சையில் இருக்கிறார் என்று ஊருக்கே தெரிவதுதான். அண்ணி எதற்குப் பயந்தாரோ அதையே அங்கே மருந்தாக மாற்றினார்கள். இவருக்குக் கடனுக்கு ஊற்றாதே என்று சொல்ல ஒரு ஊரே இருந்தது.

இப்படிச் சொல்வதால் எல்லோருக்கும் பக்கமே சிறந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்து, அறையில் ஆறு பேரோடு தங்கி, அங்கேயே குடி பழகிய பையனுக்குப் பக்கம் எது? அவனுக்குப் போதை பழகிய இடம் திருப்பூர். சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம் ஏதோ கிராமம் என்றால், அம்மா வீட்டுக்கு வந்து பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்ப்பதுதான் அவனுக்கு அந்தச் சிப்பாய்களின் பாதை. தேறிய பிறகு அதே அறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்று ஏற்பாடு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. வீட்டிலேயே அப்பாவும் மாமனும் சேர்ந்து குடிக்கிறார்கள், கொல்லையிலேயே பாட்டில் இருக்கிறது என்றால் அந்த வீட்டிலிருந்து தூரம்தான் நல்லது. கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூளையும் குழம்பியிருப்பவருக்கு எல்லாப் பிரிவும் உள்ள பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், அது எந்த ஊரில் இருந்தாலும். பெங்களூரு நிம்ஹான்ஸில் போதை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, சிக்கலான கேஸ்களை அங்கே அனுப்புவார்கள். பெண்கள் விஷயம் வேறு. குடிக்கு அடிமையான பெண்ணுக்குத் தனிப் படுக்கை உள்ள இடங்களே குறைவு, அதனால் தூரம் போவதைத் தவிர வழியில்லாமல் போகலாம். அவள் சின்னக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் படுக்கையும் தேவையில்லை. நடுக்கமோ வலிப்போ இல்லாமல், வாரத்தில் சில நாள் அளவு மீறிக் குடித்து வீட்டில் சண்டை போடும் மனிதரைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ஓட வேண்டாம். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த அப்படிப்பட்ட ஆண்களோடு, டாக்டர் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு தடவை உட்கார்ந்து பேசினார்கள். 2017-ல் லான்செட்டில் வந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் அப்படிப் பேசப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 26 சதவீதம். பக்கத்தில் பேச ஒரு ஆள் இருப்பதற்கே இவ்வளவு பலன். ஆனால் 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வைப் பாருங்கள். நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். அந்த மற்ற 37 பேரில் எத்தனை பேர் வீட்டில், “எங்க கொண்டுபோறது” என்ற பேச்சு முடியாமலேயே நின்றுபோயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தூரத்தின் பெயரால் நடக்கும் ஒரு காரியத்தை மட்டும் நான் எதிர்க்கிறேன். என் தோழியின் கணவரை ஒரு ராத்திரி வண்டி அனுப்பித் தூக்கிக்கொண்டு போனார்கள். நான்கு பேர் வந்து, தூங்கிக்கொண்டிருந்தவரின் கையைக் கட்டி ஏற்றினார்கள். வேறு மாவட்டத்தில் ஊருக்கு வெளியே ஒரு மையம். போனில் பேசக் கூடாது, இவ்வளவு மாதம் பார்க்க வரக் கூடாது, பணம் மட்டும் மாதா மாதம் போட வேண்டும். டாக்டர் யார் என்று கேட்டால் பதில் இல்லை. அவர் திரும்பி வந்தபோது முதுகில் தழும்பு இருந்தது. இப்போது ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறார். நல்ல சிகிச்சைக்கான வாசலும் அவருக்கு அடைபட்டுவிட்டது. கண்ணுக்கு எட்டாத தூரம் என்பதால்தான் அங்கே அடிக்க முடிந்தது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, மதுவால் வரும் மனப் பிரச்சினைகளையும் உள்ளடக்கியது. நோயாளி தானாக வந்து சேர்வதுதான் வழக்கமான வழி. அவர் முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்தால், அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து, ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்த பிறகே சேர்க்கலாம், அதுவும் முதலில் முப்பது நாள் வரைதான். சங்கிலியால் கட்டுவதற்குத் தடை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகி இறந்ததை இந்தத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அவர்களில் பலரையும் எங்கெங்கிருந்தோ சொந்தக்காரர்கள் கொண்டுவந்து விட்டுப் போயிருந்தார்கள். அதே 2017 சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: மனநலச் சிகிச்சைக்காக யாரும் நெடுந்தூரம் போக வேண்டிய நிலை இருக்கக் கூடாது, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே அது கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும். அதாவது பக்கத்தில் கேட்பது நம் உரிமை. 2025-ல் தமிழக அரசு அரசு மருத்துவமனைகளில் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

என்னிடம் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, “அவர் என்ன சொல்றார்?” என்பதுதான். குடிக்காத ஒரு காலை நேரம் பார்த்து, இரண்டு இடத்தையும் அவர் முன்னால் வைத்துப் பேசச் சொல்வேன். “பக்கத்துல வேணாம், அசிங்கம்” என்று அவரே சொன்னால் தூரம் போகட்டும். “அவ்வளவு தூரம்லாம் வரமாட்டேன்” என்றால் உடனே, “சரி, அப்ப நாளைக்கே தஞ்சாவூர் போவோம்” என்று பிடித்துக்கொள்ள வேண்டும். தட்டிக்கழிக்கச் சொன்னதாக இருந்தாலும் சரி, அவர் வாயிலிருந்து ஒரு ஊர் பெயர் வந்துவிட்டது.

தூரம்தான் என்று முடிவானால், கையிலிருக்கும் பணம் முழுவதையும் அங்கே கட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நடக்க இருந்தது அதுதான், அண்ணிதான் தடுத்தார். திரும்பி வந்த பிறகு வேலைக்குப் போகாத சில வாரங்கள் இருக்கும், மாத்திரை இருக்கும், ரிவ்யூ இருக்கும். சேர்க்கும் அன்றே, “டிஸ்சார்ஜ் ஆனப்புறம் எங்க ஊர்ப் பக்கம் யார்கிட்ட அனுப்புவீங்க?” என்று கேளுங்கள். ராத்திரி டியூட்டியில் டாக்டர் இருக்கிறாரா, குடும்பம் என்றைக்கு வரலாம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம். அவர் அங்கே இருக்கும் நாட்களில் வீட்டிலும் வேலை இருக்கிறது: கடனுக்குக் கொடுக்கும் கடைகளில் சொல்லிவைப்பது, அலமாரிக்குப் பின்னால், மோட்டார் கொட்டகையில் ஒளித்துவைத்த பாட்டில்களைத் தேடி எடுப்பது, குழந்தைகளுக்கு அப்பா எங்கே என்று உண்மையைச் சொல்வது. அண்ணி கடைசியில் பெண்ணிடம் சொன்னபோது, அவள், “எனக்கு எப்பவோ தெரியும்மா, எப்ப வருவாரு?” என்றுதான் கேட்டாள்.

எங்கிருந்து தொடங்குவதென்றே தெரியவில்லையென்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலிமானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, டெலிமானஸில் தமிழில் பேசலாம். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவி பேசலாம், தங்கை பேசலாம், கடையில் கணக்கு எழுதும் முதலாளி பேசலாம். அவருக்கு எத்தனை வயது, எவ்வளவு நாளாகக் குடிக்கிறார், காலையில் கை நடுங்குகிறதா, எப்போதாவது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அந்தத் தாளையே மறுநாள் ஓபிக்கும் எடுத்துப்போகலாம்.